ஆவி ஏவியதா, பணம் ஏவியதா? குவேக்கர் கல்யாணத்தைக் கேலி செய்த அச்சுப் படங்கள்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் எட்வர்ட் வில்லியம்ஸ் கிளே என்ற ஓவியர் 1828 முதல் 1830 வரை ‘பிலடெல்பியா வாழ்க்கை’ என்ற தலைப்பில் ஒரு கேலிப் பட வரிசையை வெளியிட்டார். அதில் ஒரு படத்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் பேசிக்கொள்கிறார்கள். அவன் அவளைப் புகழ்கிறான்: அவள் அழகி, அவள் கண்கள் புறாக்கண்கள், அவள் உதடுகள் சிவப்பு நூலுக்கு ஒப்பானவை. வேதாகமத்தின் உன்னதப்பாட்டிலிருந்து எடுத்த வரிகள் இவை. மூச்சு விடாமல் அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுகிறான்: உன் தகப்பனாரிடம் நான் எப்போது பேசலாம்? அதற்கு அவள், ஆவி உன்னை ஏவும்போது பேசு என்கிறாள்.

இன்று இதைப் பார்க்கும் நமக்குச் சிரிப்பு எங்கே இருக்கிறது என்பது உடனே பிடிபடாது. தகப்பனிடம் பேசுவதில் என்ன வேடிக்கை, ஆவி எதற்காக ஏவ வேண்டும், இவர்கள் ஏன் இப்படி உடுத்தியிருக்கிறார்கள் என்று மூன்று கேள்விகள் எழும். அந்தக் காலத்து வாசகனுக்கு இம்மூன்றுக்கும் விடை தெரிந்திருந்தது. குவேக்கர்களின் காதலையும் பணத்துக்கான கல்யாணத்தையும் கிண்டல் செய்த படங்கள் 18-ஆம், 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டன என்பதை அறிய, முதலில் குவேக்கர்கள் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

17-ஆம் நூற்றாண்டின் நடுவில், உள்நாட்டுப் போரால் கலங்கிக் கிடந்த இங்கிலாந்தில், ஜார்ஜ் பாக்ஸ் என்பவரின் போதனையால் உருவானது ‘நண்பர்கள் சபை’. ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது, அதைக் கேட்க இடையில் ஒரு பாதிரியார் வேண்டியதில்லை என்பது அவர்களுடைய அடிப்படை நம்பிக்கை. எனவே அவர்களுடைய வழிபாட்டில் பீடம் இல்லை, பாட்டு இல்லை, எழுதி வைத்த ஜெபம் இல்லை. எல்லோரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள். யாரையாவது கடவுளின் ஆவி ஏவினால், அவர் ஆணானாலும் பெண்ணானாலும், எழுந்து பேசுவார். ஏவாவிட்டால் கூட்டம் முழுவதும் மௌனத்திலேயே கலையும். 1650-இல் டார்பி நகரத்து நீதிபதி ஒருவர் முன் பாக்ஸ் நிறுத்தப்பட்டபோது, கர்த்தருடைய வார்த்தைக்கு முன் நடுங்குங்கள் என்று சொன்னார். நீதிபதி அதையே திருப்பி அவர்களை ‘நடுங்கிகள்’ என்றார். அந்த ஏளனச் சொல்தான் குவேக்கர் என்ற பெயராக நிலைத்தது. பெயர் வைக்கப்பட்ட நாளிலிருந்தே கேலி இவர்களைத் தொடர்ந்து வந்திருக்கிறது.

எல்லா மனிதரும் சமம் என்ற கொள்கையை இவர்கள் உடம்பிலும் நாக்கிலும் காட்டினார்கள். யாருக்காகவும், அரசனுக்காகவும்கூட, தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மாட்டார்கள். எப்போதும் உண்மையே பேசுகிறவனுக்குத் தனியாக ஒரு சத்தியம் எதற்கு என்பது அவர்கள் வாதம். மரியாதைப் பன்மையையும் விட்டார்கள். இதைத் தமிழருக்கு விளக்குவது எளிது. ஆங்கிலேயரில் பலருக்கே இன்று இது புரிவதில்லை. அக்கால ஆங்கிலத்திலும் ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாடு உயிரோடு இருந்தது. பெரிய மனிதரை ‘நீங்கள்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் குவேக்கர்கள் எல்லோரையும் ‘நீ’ என்றே அழைத்தார்கள். ஊர்ப் பெரியவரைப் பார்த்து ஒரு இளைஞன் ‘நீ எப்படி இருக்கிறாய்’ என்று கேட்டால் நம் தெருவில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்தால், அன்று அவர்கள் ஏன் அடிபட்டார்கள் என்பது விளங்கும். நூறு ஆண்டுகள் கழிந்து, பொதுப் பேச்சில் அந்த ‘நீ’ வழக்கொழிந்த பிறகும் அவர்கள் அதை விடவில்லை. அப்போது அது துடுக்காகத் தோன்றுவது நின்று, வேடிக்கையாகத் தோன்றத் தொடங்கியது.

உடையும் அப்படித்தான். பளிச்சிடும் நிறம், பின்னல் வேலை, அலங்காரப் பொத்தான் எல்லாம் வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கி, சாம்பலும் பழுப்பும் கலந்த மங்கல் நிறத் துணியை அணிந்தார்கள். ஆண்களுக்கு அகன்ற விளிம்புத் தொப்பி; பெண்களுக்கு முகத்தை மூடும் எளிய பானெட் தொப்பி. ஊரில் நாகரிகம் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்க, இவர்கள் மட்டும் தாத்தா காலத்து வெட்டிலேயே நின்றுவிட்டார்கள். கேலிச் சித்திரம் வரைகிறவனுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. முகச்சாயல் எதுவும் வேண்டாம். ஒரு தொப்பியின் வெளிக்கோட்டைப் போட்டால் போதும், தெருவில் போகிறவனுக்கு இன்னார் என்று தெரிந்துவிடும்.

அந்தத் தெருவில் போகிறவன்தான் இந்தப் படங்களின் உண்மையான வாடிக்கையாளன். நாம் பேசும் படங்கள் செய்தித்தாளுக்குள் வந்தவை அல்ல. தனித்தனித் தாள்களாக அச்சிட்டுக் கடையில் விற்கப்பட்டவை. செப்புத்தகட்டின் மேல் மெழுகுப் பூச்சுப் பூசி, ஊசியால் அதில் வரைவார்கள். தகட்டை அமிலத்தில் வைத்தால் ஊசி பட்ட கோடுகள் மட்டும் அரிபட்டுப் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தில் மை நிரப்பி, ஈரத் தாளை வைத்து அழுத்தினால் படம் விழும். வண்ணம் வேண்டுமென்றால் ஆட்களை வைத்து ஒவ்வொரு தாளுக்கும் கையாலேயே பூசுவார்கள். லண்டனில் செயின்ட் பால் தேவாலய வளாகத்தின் 69-ஆம் எண் கடையில் கேரிங்டன் பவுல்ஸ், பிக்காடிலியில் எஸ். டபிள்யூ. போர்ஸ், செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஹன்னா ஹம்ப்ரி என்ற பெண்மணி, சீப்சைடில் மலிவு விலைக்குப் பெயர் போன தாமஸ் டெக் என்று இத்தொழிலில் பெயர் எடுத்தவர்கள் பலர். வண்ணம் தீட்டிய படம் ஒரு ஷில்லிங்கிலிருந்து இரண்டு ஷில்லிங் வரை விற்றது. கூலி ஆளுக்கு அது அரை நாள் அல்லது ஒரு நாள் சம்பளம். ஆகவே வாங்கியவர்கள் நடுத்தர வகுப்பினரும் பணக்காரர்களும்தான். மற்றவர்கள் கடைக் கண்ணாடிக்கு முன் கூடி நின்று இலவசமாகச் சிரித்தார்கள். விருந்துக்கு ஆள் வரும் மாலையில் புரட்டிப் பார்ப்பதற்காகப் படத் தொகுப்பை ஓர் இரவுக்கு வாடகைக்கு விடும் வழக்கமும் போர்ஸ் கடையில் இருந்தது.

குவேக்கர்களைப் பற்றிய ஆரம்ப காலப் படங்களில் பணமும் இல்லை, காதலும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எக்பர்ட் வான் ஹீம்ஸ்கெர்க் என்ற டச்சு ஓவியர் வரைந்த குவேக்கர் கூட்டக் காட்சிகள் அச்சாகி, பலமுறை நகலெடுக்கப்பட்டன. அவற்றில் கவிழ்த்து வைத்த ஒரு தொட்டியின் மேல் ஏறி நின்று ஒரு பெண் பிரசங்கம் செய்கிறாள்; சுற்றிலும் இருப்பவர்கள் விழி பிதுங்க, வாய் கோணக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அன்றைய பயம் அது: பாமரர்கள் மதவெறி பிடித்து ஆடுகிறார்கள், போதாக்குறைக்குப் பெண்களும் பேசுகிறார்கள். அந்தக் குவேக்கர் ஏழை, பைத்தியக்காரன், ஆபத்தானவன். நூறு ஆண்டு கழித்துப் படத்தில் வரும் குவேக்கரோ கொழுத்தவர், நிதானமானவர், பணக்காரர். இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதில்தான் கல்யாணக் கேலியின் வேர் இருக்கிறது.

சட்டமே அவர்களைக் கடைவீதிக்குத் தள்ளியது என்று சொல்லலாம். இங்கிலாந்துத் திருச்சபையை ஏற்காதவர்கள் அன்று ஆக்ஸ்போர்டிலோ கேம்பிரிட்ஜிலோ பட்டம் பெற முடியாது. அரசுப் பதவிகளுக்கும் தடை, அது 1828 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. படைக்கு அவர்களே போக மாட்டார்கள், ஏனென்றால் போர் பாவம். எஞ்சியவை வியாபாரமும் தொழிலும். பேரம் பேசுவது பொய் பேசுவதற்குச் சமம் என்று கருதிய அவர்கள், ஒரு பொருளுக்கு ஒரே விலை சொன்னார்கள். எனவே சின்னப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கை பிறந்தது. கடனைத் திருப்பாமல் திவாலாகிறவனைச் சபையே விலக்கி வைத்தது. எனவே குவேக்கர் கையெழுத்துக்குச் சந்தையில் மதிப்பு ஏறியது. கோல்புரூக்டேலில் 1709-இல் கல்கரியைக் கொண்டு இரும்பு உருக்கிக் காட்டிய ஆபிரகாம் டார்பி ஒரு குவேக்கர். 1765-இல் பர்மிங்ஹாமில் லாயிட்ஸ் வங்கிக்கு வித்திட்ட சாம்ப்சன் லாயிட் குவேக்கர். நார்விச் நகரத்து கர்னி வங்கிக் குடும்பமும், பின்னாளில் சாக்லேட்டால் நாம் அறியும் கேட்பரி, ரவுன்ட்ரீ குடும்பங்களும் அவர்களே. 1896-இல் இருபது தனியார் வங்கிகள் சேர்ந்து பார்க்ளேஸ் ஆனபோது, அதன் நடுநாயகமாக இருந்தவை குவேக்கர் வழிவந்த குடும்பங்கள்தான். எளிமையாக வாழ வேண்டும் என்ற கட்டளை இருந்ததால், சம்பாதித்ததைச் செலவழிக்க வழியும் இல்லை. பணம் சேராமல் என்ன செய்யும்?

இந்த முரணைப் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் முன்பே கண்டுகொண்டார். இங்கிலாந்தில் சில காலம் தங்கியிருந்து, 1733-இல் வெளிவந்த தம் கடிதங்களின் முதல் நான்கை அவர் குவேக்கர்களுக்கே ஒதுக்கினார். அப்பன் உழைத்துச் சேர்த்த பணத்தால் பணக்காரனான மகன், பட்டமும் பதவியும் பொத்தானும் மணிக்கட்டு மடிப்பும் வேண்டும் என்று ஆசைப்படுகிறான், குவேக்கன் என்று அழைக்கப்பட வெட்கப்படுகிறான் என்று அவர் எழுதினார். பின்னால் வந்த நூற்றுக்கணக்கான கேலிப் படங்களின் கருவை அந்த ஒற்றைப் பொத்தான் சுமந்து நிற்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி கல்யாணம். அன்றைய குவேக்கர் திருமணத்தில் பாதிரியார் இல்லை, மோதிரம் இல்லை. ஆணும் பெண்ணும் சபைக் கூட்டத்தில் எழுந்து, ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகத் தாங்களே அறிவிப்பார்கள். வந்திருக்கும் அத்தனை பேரும் சான்றிதழில் கையெழுத்திடுவார்கள். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய கட்டம் எளிதல்ல. இருவரும் மாதாந்தரக் கூட்டத்தின் முன் தங்கள் நோக்கத்தை ஒரு முறைக்கு இரு முறை தெரிவிக்க வேண்டும்; வேறு யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார்களா, பெற்றோர் சம்மதம் இருக்கிறதா என்று விசாரிக்கச் சபை ஆட்களை நியமிக்கும். கள்ளக் கல்யாணங்களை ஒழிக்க 1753-இல் வந்த ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம், எல்லோரும் இங்கிலாந்துத் திருச்சபையில்தான் மணம் முடிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியபோது, யூதர்களோடு சேர்த்துக் குவேக்கர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அந்த அளவுக்கு அவர்களுடைய முறை ஒழுங்கானது என்று அரசே ஒப்புக்கொண்டிருந்தது.

கூடவே இன்னொரு கண்டிப்பும் இருந்தது. சபைக்கு வெளியே, அதிலும் பாதிரியாரை வைத்து மணம் முடிப்பவர் சபையிலிருந்து நீக்கப்படுவார். ஏறத்தாழ இருநூறு ஆண்டு இந்த விதி நின்றது. சிறிய கூட்டம், அதற்குள்தான் பெண் கொடுத்துப் பெண் எடுக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் வங்கிக்காரர்களும் ஆலை முதலாளிகளும் நிறைய. விளைவை ஊகிக்கப் பெரிய கணக்கு தேவையில்லை. கர்னி, பார்க்ளே, பிரை, லாயிட் போன்ற பெயர்கள் திரும்பத் திரும்ப ஒருவர் வீட்டுத் திருமணச் சான்றிதழில் இன்னொருவராக வந்துகொண்டே இருக்கும். விதியை வகுத்தவர்கள் விசுவாசத்தைக் காக்க வகுத்தார்கள்; ஆனால் அது சொத்தையும் சேர்த்தே காத்தது. வெளியிலிருந்து பார்க்கிறவன், இவர்கள் ஆவியின் பெயரால் செய்வது சொத்துச் சம்பந்தம்தானே என்று சிரித்தால் அவனைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் சிரித்தவன் யோக்கியனா என்ற கேள்வியும் வரும். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியுள்ள குடும்பங்களில் கல்யாணம் என்பது பெரும்பாலும் ஒரு பத்திர ஒப்பந்தம். அன்றைய பொதுச் சட்டப்படி, மணமானவுடன் பெண்ணின் ரொக்கமும் பொருள்களும் கணவனுக்குச் சொந்தமாகிவிடும். அவளுடைய நிலத்தின் வருமானத்தையும் அவனே ஆள்வான். இது மாற 1870, 1882 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வர வேண்டியிருந்தது. பணக்காரத் தகப்பன்மார் மகளின் பங்கைக் காப்பாற்ற வக்கீல் வைத்து ஏற்பாட்டுப் பத்திரம் எழுதினார்கள். மாத இதழ்களின் திருமணச் செய்தியில் மணமகள் பெயரோடு அவள் கொண்டுவந்த தொகையையும் கூச்சமில்லாமல் அச்சிட்டார்கள். வரதட்சணையை ரகசியமாகப் பேசும் ஊரைவிட இது ஒரு படி மேல்.

இந்தச் சந்தையை ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் அளவுக்கு யாரும் வரைந்து காட்டவில்லை. 1735-இல் வந்த அவருடைய ஊதாரியின் வாழ்க்கை வரிசையில் ஐந்தாம் படம், பணம் தீர்ந்துபோன இளைஞன் ஒருவன் ஒற்றைக் கண் கிழவியான ஒரு பணக்காரியை மணப்பதைக் காட்டுகிறது. இடம் லண்டனுக்கு வெளியே மேரிலபோன் பழைய தேவாலயம். சுவரில் பத்துக் கட்டளைப் பலகை விரிசல் விட்டிருக்கிறது. ஏழைகளுக்கான உண்டியலின் வாயில் சிலந்தி வலை கட்டியிருக்கிறது. மணமக்களுக்குப் பக்கத்தில் இரண்டு நாய்கள் தங்களுக்குள் ஒரு கல்யாணம் நடத்துகின்றன, அதில் ஒன்றுக்கும் ஒற்றைக் கண்தான். மணமகன் கண்ணோ மணமகளின் ஆடையைச் சரிசெய்யும் வேலைக்காரி மேல் இருக்கிறது. பத்து ஆண்டு கழித்து வந்த ஆறு படக் கல்யாண வரிசையின் முதல் காட்சியில், வாதநோயால் வீங்கிய காலை நீட்டிக்கொண்டு ஒரு பிரபு தம் குல மரத்தைக் காட்டுகிறார், எதிரில் வணிகர் ஒப்பந்தத்தைப் படிக்கிறார், நடுவில் பணம். மணமகனும் மணமகளும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்க, கீழே இரண்டு நாய்கள் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டிருக்கின்றன.

ஹோகார்த்தின் இந்தப் படங்களில் குவேக்கர் யாரும் இல்லை. இருந்தாலும் அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் குவேக்கர் கல்யாணக் கேலியைப் படிக்க முடியாது, ஏனென்றால் இலக்கணம் அங்கே இருந்துதான் வருகிறது. பணக் கல்யாணத்தைக் காட்ட ஹோகார்த்துக்கு ஒரு முழுத் தேவாலயம் தேவைப்பட்டது: சுவர், பலகை, உண்டியல், நாய். மதம் ஓரிடத்திலும் பண ஆசை ஓரிடத்திலும் இருக்க, இரண்டையும் பக்கத்தில் வைத்து அவர் காட்ட வேண்டியிருந்தது. குவேக்கரை வரைகிறவனுக்கு அந்தச் செலவு இல்லை. குவேக்கர் தம் மதத்தை உடம்பிலேயே அணிந்திருக்கிறார். அந்தத் தொப்பிக்குக் கீழே ஓர் ஓரப்பார்வை, அந்தக் கூப்பிய கைக்குள் ஒரு பணப்பை, அவ்வளவு போதும்.

ஓவியர்களுக்கு முன்பே நாடக மேடை இந்த உருவத்தைத் தயாரித்து வைத்திருந்தது. 1718-இல் சூசன்னா சென்ட்லிவர் எழுதி லண்டனில் அரங்கேறிய ஒரு நகைச்சுவை நாடகத்தின் கதை நம் பொருளுக்கு நேரடியாகச் சொந்தமானது. 30,000 பவுண்டு சொத்துள்ள ஓர் இளம்பெண்; நான்கு காப்பாளர்களும் சம்மதித்தால்தான் அந்தப் பணத்தோடு அவளை மணக்கலாம். நால்வரில் ஒருவர் ஓபதியா பிரிம் என்ற குவேக்கர். அவளைக் காதலிக்கும் படை அதிகாரி, பென்சில்வேனியாவிலிருந்து வரும் சைமன் பியூர் என்ற குவேக்கர் போதகராக வேடமிட்டு, ஆவி ஏவியதாகப் பேசி, பிரிமின் கையெழுத்தை வாங்கிவிடுகிறார். நடுவில் உண்மையான சைமன் பியூரே வந்து நிற்க, யார் அசல் என்று குழப்பம். ‘அசல் சைமன் பியூர்’ என்பது ஆங்கிலத்தில் ஒரு சொல்வழக்காகவே நின்றுவிட்டது. வேடமிட்ட ஆளுக்கும் அசல் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் குவேக்கர் பேச்சு ஒரு வாய்ப்பாடாகிவிட்டது என்பதுதான் இதில் உள்ள ஊசி. பின்னர் 1775-இல் சார்லஸ் டிப்டின் இசையமைத்து எழுதிய இசை நாடகத்தில், வயதான குவேக்கர் ஒருவர் ஓர் இளம் கிராமத்துப் பெண்ணை மணக்க ஆசைப்பட்டு, கடைசியில் அவளை அவள் காதலனுக்கே விட்டுக்கொடுக்கிறார். அங்கே கேலி கொஞ்சம் கனிந்திருக்கிறது.

மேடையும் அச்சுக்கடையும் சேர்ந்து ஒரு சிறு அகராதியை உருவாக்கின. படத்தில் ஓபதியா, அமினதாப், எசேக்கியேல், தபீத்தாள், ராகேல் என்று பழைய வேதாகமப் பெயர் வந்தால் அது குவேக்கர். ‘மெய்யாகவே’, ‘ஆம் ஆம், இல்லை இல்லை’, ‘நண்பரே’ என்று பேச்சு இருந்தால் அது குவேக்கர். அந்த ‘ஆம், இல்லை’ சுவிசேஷத்திலிருந்து வருவது. சத்தியம் செய்யாதவன் சொல்லக்கூடியது அவ்வளவுதான். ஆனால் கேலிக்காரன் கையில் அதுவே வழவழப்பான வியாபாரப் பேச்சாக மாறும். ‘ஆவி ஏவுகிறது’ என்ற தொடர்தான் எல்லாவற்றிலும் அதிகம் அடிபட்டது. மௌனத்தில் காத்திருந்து கேட்க வேண்டிய தெய்வீகக் குரலை, பெண் கேட்கப் போவதற்கும் முத்தம் கொடுப்பதற்கும் கடன் கொடுக்க மறுப்பதற்கும் காரணமாகச் சொல்ல வைத்தார்கள்.

இந்தப் படங்களைப் பார்க்கும்போது இரண்டு வகைச் சிரிப்பைப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒன்று, மங்கல் துணிக்குள் மறைந்திருக்கும் உடல் ஆசையைப் பார்த்துச் சிரிப்பது. அழகிய குவேக்கர் பெண் என்பது அச்சுப் படங்களிலும் நாடகங்களிலும் தனி வகைப் பாத்திரமாகவே இருந்தாள், அந்த எளிய தொப்பியே அவளுக்கு அலங்காரம் என்று எழுதாதவர் இல்லை. மற்றொன்று, ஆன்மிகப் பேச்சுக்குள் மறைந்திருக்கும் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சிரிப்பது. இரண்டும் ஒரே படத்தில் கலந்து வருவதுண்டு. நல்ல படங்களில் கலந்துதான் வரும்.

கிளேயின் படத்துக்கு இப்போது திரும்பிப் போகலாம். உன்னதப்பாட்டின் வரிகள் வேதாகமத்திலேயே மிக வெளிப்படையான காதல் வரிகள். ஆனால் அவை வேதவசனம் என்பதால் ஒரு குவேக்கர் இளைஞன் பாவமில்லாமல் சொல்லலாம். முதல் சிரிப்பு அது: சரசத்துக்குக்கூட வசன ஆதாரம் வேண்டியிருக்கிறது. புகழ்ச்சி முடிந்த மறுகணமே தகப்பன் வந்துவிடுகிறார். பெற்றோர் சம்மதம் இல்லாமல் சபை அனுமதிக்காது என்பதால் அந்தக் கேள்வி முறையானதுதான். ஆனால் அன்றைய வாசகன் காதில், தகப்பனிடம் பேசுவது என்றால் மகளுக்கு என்ன கொடுப்பீர்கள் என்று பேசுவது. புறாக்கண்ணிலிருந்து பெட்டிச் சாவிக்கு ஒரே தாவலில் போய்விட்டான் என்று அவன் சிரித்திருப்பான் என்பது என் ஊகம். அந்தப் பெண் கொடுக்கும் பதிலைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். அது பக்தியா, அனுமதியா, குத்தலா என்று சொல்ல முடியாது. மூன்றாகவும் படிக்கலாம். படத்திலுள்ள இருவரில் புத்திசாலி அவள்தான்.

அதே வரிசையின் இன்னொரு முகத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. கிளேயின் படங்களில் பெரும்பாலானவை குவேக்கர்களைப் பற்றியவை அல்ல; பிலடெல்பியாவில் சுதந்திரமாக வாழ்ந்து, நன்றாக உடுத்தி, விருந்தும் நடனமும் நடத்தத் தொடங்கியிருந்த கறுப்பின மக்களை இழிவுபடுத்துபவை. அவை நகலெடுக்கப்பட்டு லண்டன் வரை விற்றன. அந்த நகரத்துக் குவேக்கர் சபை அடிமைகளை வைத்திருப்பவர்கள் உறுப்பினராக இருக்கக்கூடாது என்று 1776-இலேயே முடிவு செய்திருந்தது. குவேக்கர் படத்தில் காணும் கேலி செல்லக் கிள்ளு. மற்றவற்றில் காண்பது வெறுப்பு. ஒரே கை, ஒரே செப்புத்தகடு, ஒரே தலைப்பு என்றாலும் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பணமும் வங்கியும் உள்ள ஒரு கூட்டம் கேலியைத் தாங்கிக்கொண்டு அடுத்த நாள் கடை திறக்கும்.

அச்சுப் படம் மட்டுமல்ல, நாட்டுப்புறப் பாட்டும் இதே கருவை எடுத்துக்கொண்டது. இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் பல வடிவங்களில் பாடப்பட்ட ஒரு பாட்டில், குவேக்கர் ஒருவர் பெண் கேட்டு வந்து, மோதிரமும் பணமும் தருகிறேன் என்று பெருமூச்சோடு சொல்கிறார். உன் மோதிரமும் பணமும் எனக்கு எதற்கு, கொஞ்சிப் பேசத் தெரிந்த ஒருவன் போதும் என்று அவள் விரட்டிவிடுகிறாள். கொஞ்சுவது என்றால் முகஸ்துதி, முகஸ்துதி என்றால் பொய். பொய் சொல்லாத மனிதனால் காதலிக்க முடியுமா என்ற கேள்வியைப் பாட்டு சிரித்துக்கொண்டே கேட்டுவிடுகிறது.

சரி, பணத்துக்காக மணப்பதைக் குவேக்கர்கள் உண்மையிலேயே ஏற்றுக்கொண்டார்களா? எழுத்தில் இல்லை. ஜார்ஜ் பாக்ஸ் 1669-இல் மார்கரெட் பெல் என்ற வசதியான விதவையை மணந்தபோது, அவளுடைய சொத்தில் தமக்கு எந்த உரிமையும் வேண்டாம் என்று ஒதுங்கி, இந்தத் திருமணத்தால் உங்களுக்கு நட்டம் ஏதும் உண்டா என்று அவளுடைய மகள்களையே கேட்டு உறுதி செய்துகொண்டார். சட்டப்படி எல்லாம் கணவனுக்கே என்றிருந்த காலத்தில் இது சாதாரணச் செயல் அல்ல. பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென், 1693-இல் வெளியிட்ட அறிவுரைத் தொகுப்பில், காதலுக்காக அன்றி மணக்காதே, ஆனால் நீ காதலிப்பது காதலிக்கத் தகுந்ததா என்று பார்த்துக்கொள் என்றார். பணத்துக்காக மணப்பவர்களுக்கு மண வாழ்வின் நிறைவு கிடைக்காது என்றும் எழுதினார். மூன்று ஆண்டு கழித்து, முதல் மனைவியை இழந்திருந்த அவர், தம்மில் பாதி வயதுடைய ஹன்னா காலோஹில் என்ற பிரிஸ்டல் வணிகரின் மகளை இரண்டாம் தாரமாக மணந்தார். மாமனார் வசதியானவர்தான். அதில் காதல் இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கேலிப் படக்காரன் கண்ணில் பட்டிருந்தால் என்ன வரைந்திருப்பான் என்று நினைக்காமல் இருக்கவும் முடிவதில்லை.

பணத்தின் மேல் சபைக்கு இருந்த கண்டிப்பு ஏட்டோடு நின்றதும் இல்லை. சிறைச்சாலைச் சீர்திருத்தத்துக்காகப் புகழ்பெற்ற எலிசபெத் பிரை, கர்னி வங்கிக் குடும்பத்தின் மகள். 1800-இல் ஜோசப் பிரை என்ற குவேக்கர் வணிகரை மணந்தார். கேலிக்காரன் வரையத் துடிக்கும் பணக்காரச் சம்பந்தம். 1828-இல் ஜோசப் பிரையின் வங்கி முறிந்தபோது, நாடறிந்த மனைவியின் புகழைப் பார்க்காமல் சபை அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது.

குவேக்கர்கள் இந்தப் படங்களைத் தங்கள் வீட்டில் மாட்டியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் கண்டிப்பான குவேக்கர் வீட்டில் படம் மாட்டுவதே அரிது. அவர்களோடு நெருங்கிப் பழகிய, ஆனால் அவர்களைச் சேராத தாமஸ் கிளார்க்சன் 1806-இல் அவர்களைப் பற்றி எழுதிய நூலில், அவர்களுடைய சுவர்களில் காணக்கூடிய அச்சுப் படங்கள் மூன்றே மூன்று என்கிறார்: செவ்விந்தியர்களோடு பென் செய்த உடன்படிக்கை, ஓர் அடிமைக் கப்பலின் உட்புற அமைப்பு, யார்க்‌ஷயரிலுள்ள அவர்களுடைய ஆக்வொர்த் பள்ளியின் வரைபடம். அடிமைக் கப்பல் படத்தை 1789-இல் லண்டனில் அச்சிட்டு வெளியிட்டவர் ஜேம்ஸ் பிலிப்ஸ் என்ற குவேக்கர் அச்சகத்தார். தாள் ஒன்றின் வலிமை என்ன என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

கேலிப் படங்கள் ஓய்ந்தது வேறு வழியில். சபைக்கு வெளியே மணந்தவர்களை எல்லாம் நீக்கிக்கொண்டே போனதில் பிரிட்டனில் உறுப்பினர் எண்ணிக்கை வெகுவாகச் சுருங்கியது. சபையின் தேய்வுக்கு என்ன காரணம் என்று நடந்த ஒரு கட்டுரைப் போட்டியில், 1859-இல் பரிசு பெற்ற ஜான் ஸ்டீபன்சன் ரவுன்ட்ரீ இந்தத் திருமண விதியின் மேல் விரலை வைத்தார். அந்த ஆண்டையும் அடுத்த ஆண்டையும் ஒட்டி விதி தளர்ந்தது. ஏறத்தாழ அதே நேரத்தில் பழைய உடையும் ‘நீ’ என்ற பேச்சும் கட்டாயமில்லை என்றும் சபை முடிவு செய்தது. ஓவியனுக்குத் தேவையாக இருந்த இரண்டு பொருள்களும், அதாவது தொப்பியும் உள்வட்டச் சம்பந்தமும், ஒன்றாகவே கையை விட்டுப் போயின. தெருவில் அசல் தொப்பிகள் அருகிவந்த 1877-இல், ஒஹாயோ மாநிலத்தின் ரவென்னா ஊரில் சபையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் ஓட்ஸ் ஆலை, அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்த ஒரு மனிதரின் உருவத்தைத் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டது.